உன் சட்டைப்பையில் இருந்த ஃபியூஸ்

இன்று காலை புந்தோங்கில் உன் வீட்டுக்குப் போனேன், மச்சான். “அந்த ரேடியோ செட்ட எடுத்துட்டுப் போயிருங்கண்ணே, பாக்கவே முடியல லா” என்று உன் மனைவி போன் செய்திருந்தாள். அலமாரியைத் திறந்ததும் கருகிய தூசியின் அந்தப் பழைய வாடை. ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒன்றாக வளர்ந்த நாம், எத்தனை மாலைகள் அந்த வாடையில் உட்கார்ந்து, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரலுக்காகக் காத்திருந்தோம்.

உன் கூரைமேல் இருந்த ஆண்டெனா கம்பத்தின் கம்பிச் சுருளை நான்தான் சுற்றினேன். நாற்பது மீட்டர் அலைவரிசையிலிருந்து இருபதுக்கு மாற, ஒருவன் ஏணியில் ஏறிச் சுருளில் கிளிப்பை இடம் மாற்ற வேண்டும். செட் அலையை அனுப்பிக்கொண்டிருந்தால் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அதனால் ஒரு விதி வைத்தோம். ஏறுகிறவன் செட்டின் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும்.

உனக்கு அது பிடிக்கவே இல்லை. ஏறி இறங்குவதற்குள் எதிர்முனைக்காரன் போய்விடுகிறான் என்பாய். “இன்ஜினியர் சாமி கும்பிட்டுட்டுதான் சுவிட்சத் தொடுவாரு” என்று நண்பர்கள் முன்னால் என்னைக் கேலி செய்தாய்.

“நீ செத்தா நான் மாலை வாங்க மாட்டேன்டா.”

“மாலை வேணாம் லா, இப்ப குடிக்க ஒரு தே தாரிக் வாங்கிக் கொடு.”

சென்ற ஆண்டு அந்த ஏணியிலிருந்து விழுந்து செத்தாய். விரல்கள் கருகியிருந்தன. சட்டைப்பையில் ஃபியூஸ் இருந்தது. விதியை மீறாத உத்தமன் நீ. குற்றவாளி என் சுருள். துக்க வீட்டில் உன் தம்பி எல்லார் முன்னாலும் கேட்டான்: “ஃபியூஸ் கழட்டியும் அடிக்குதுன்னா, என்னண்ணே கட்டிக் கொடுத்தீங்க?” செட்டைத் திறந்து பார்க்கிறேன் என்றேன். விடவில்லை. கருமாதிக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. எதையும் நான் மறக்கவில்லை.

இன்று கூடத்திலேயே செட்டைத் திருப்பி, பின்புறத்தில் ஃபியூஸ் இருக்கும் திருகு மூடியைக் கழற்றினேன். உள்ளே புத்தம் புதிய ஃபியூஸ். எனக்குக் காட்ட ஒன்று, வேலைக்கு ஒன்று. செட்டை ஓடவிட்டே ஏறி, அலையின் பலம் காட்டும் கம்பத்துச் சிறு விளக்கு எங்கே நன்றாக எரிகிறதென்று பார்த்துப் பார்த்துக் கிளிப்பை நகர்த்தியிருக்கிறாய்.

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். “இங்க பாரு தங்கச்சி. உள்ள இன்னொண்ணு.”

அவள் பார்க்கவில்லை. “தெரியும்ணே. நான்தான் வாங்கியாந்தேன். ‘அவன்கிட்ட சொல்லாத’ன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல.” பிறகு மெல்ல, “தம்பிகிட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

உன் தம்பி என்னைக் கேட்டபோது இவள் அங்கேதான் நின்றாள். இவளைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் வாங்கி வரச் சொன்னது நீ. அந்தப் பாரத்தோடு அவள் ஓர் ஆண்டாக வாய் திறக்காமல் இருந்ததற்கும் காரணம் நீ.

ஃபியூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செட்டைக் காரில் ஏற்றினேன். பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் உன் தம்பி வீடு வந்தது. ஐந்தே நிமிடத்தில் என் பெயரைக் கழுவியிருக்கலாம். வண்டியை நிறுத்தவில்லை. உன்னை மன்னித்ததால் அல்ல; அவளுக்காக.

உன் ஃபியூஸ் என் பையில் இருக்கிறது. அது இங்கே இருக்கும்வரை உன் வீட்டில் யாருக்கும் அடிக்காது. விதி என்றால் இதுதான், மச்சான்.