பின்னால் வரும் சத்தம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா நலம். நீ வாங்கிக் கொடுத்த காரும் நலம். மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கைக்கெட்டும் தூரத்தில் ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். படித்துக்கொண்டே வா, புரியும். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. காலமெல்லாம் அடுத்தவர் எழுதியதை மெஷினில் ஏற்றி அச்சடித்தவன் நான். சொந்தமாக எழுத எங்கே நேரம் கிடைத்தது?

முதலில் ஒரு வேலை. கார் வாங்கிய ஷோரூமைப் பற்றி ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து இன்டர்நெட்டில் எழுதினாயே, அதை எடுத்துவிடு. காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதே. எடுத்துவிட்டு வந்து மீதியைப் படி.

எடுத்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் வீட்டிலிருந்து வண்டியை ரிவர்ஸில்தான் தெருவுக்கு எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அம்மா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, ஜில்லா கலெக்டர் மாதிரி பின்னால் வருவேன். வண்டி தெருவுக்கு வந்த பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு அவள் ஏறிக்கொள்வாள். வாங்கின நாள் முதல் இதுதான் ஏற்பாடு. பின்னால் ஏதாவது நெருங்கினால் வண்டியே கீ கீ என்று கத்தும், கவலைப்படாதீர்கள் என்று நீ சொல்லியிருந்தாய். நானும் அதை நம்பி வந்ததில் ஒரு நாள் கேட் தூணில் போய் மோதினேன். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர் உள்ளே போய்விட்டது. அம்மா கையைக் காட்டிக் கத்தினாளாம். வண்டி மட்டும் வாயே திறக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

வாங்கின ஷோரூமுக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். அந்த இடத்தை நீ பார்த்ததில்லை. கண்ணாடி ஹால், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா, சத்தமில்லாமல் ஓடும் டிவி. கவுண்டரில் ஒரு பெண். மூக்குக்கண்ணாடி போட்டு, காதில் பேனாவைச் செருகியிருப்பாள். உன்னைவிடச் சின்னவள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, என்னை வண்டியில் உட்கார வைத்து, சுவரைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாக ஏதோ சொன்னாள். அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற மாதிரி இருந்தது. நான் "சரிம்மா" என்றேன். பெரிய மனுஷன் போலத் தலையை வேறு ஆட்டினேன்.

அதன் பிறகும் வண்டி கத்தவில்லை. மறுபடி போனேன். சென்சாரையே மாற்றிக் கொடுத்தார்கள். அப்போதும் கத்தவில்லை. அதற்கடுத்த தடவை போனபோது ஹால் நிறைய ஆட்கள். அந்தப் பெண் களைத்துப்போய்ச் சத்தமாகவே சொன்னாள். "சார், அன்னைக்கே சொன்னேனே சார். நீங்களும் சரின்னு சொன்னீங்களே." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எதற்கு நான் சரி சொன்னேன், என்னையே பொய்யன் ஆக்குகிறாயா என்று பிடித்துக்கொண்டேன். மெஷின் பக்கத்தில் நின்று கத்திப் பழகிய தொண்டை அல்லவா? சோபாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீரமாகத்தான் வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து ஃபோனில் உன்னிடம் அழாத குறையாகச் சொன்னேன். வயசானவர் என்று என் அப்பாவை ஏமாற்றுகிறார்கள், கவுண்டரில் இருக்கிற பெண் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று நீ எழுதினாய். எழுத்து உன்னுடையது. சரக்கு என்னுடையது.

அதைப் பார்த்துவிட்டு மேனேஜரே காபிக்குக் கூப்பிட்டார். மேனேஜர் கையால் காபி என்றால் நானும் வருகிறேன் என்று அம்மாவும் கிளம்பிவிட்டாள். போனால் தடபுடல் உபசாரம். அந்தப் பெண்ணைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டோம், அவள் இருப்பதா போவதா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறோம் என்றார் மேனேஜர். என்ன தப்பு செய்தாளாம் என்று அம்மா கேட்டாள். அவர் நல்ல கணீர்க் குரல்காரர், ஒவ்வொரு எழுத்தும் என் காதில் விழுந்தது. "வண்டி சரியாத்தான் இருக்கு, காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னாளாம். கஸ்டமர்கிட்ட பேசற பேச்சா சார் இது?"

அப்படியே எங்களை வண்டியில் ஏற்றினார். நான் முன்னால், அம்மா பின்னால். ரிவர்ஸ் எடுத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏ.சி. காற்று மட்டும்தான் கேட்டது. பின்னாலிருந்து அம்மா எட்டி என் தோளைத் தொட்டாள். "இதுவா அந்தச் சத்தம்? நல்லாத்தானே கேக்குது."

மேனேஜர் என் முகத்தையே பார்த்தார். அந்த நேரத்தில் உன் அப்பாவாகிய நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆங், இப்ப கேக்குது. இப்பத்தான் ரிப்பேர் ஒழுங்கா பண்ணியிருக்கீங்க" என்றேன். அப்படியானால் முன்னால் ஒழுங்காகச் செய்யாதது யார்? அந்தப் பெண்தான். பழியை அவள் தலையில் வைத்து ஆணியும் அடித்துவிட்டு இறங்கினேன். மேனேஜர் கை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வெளியே வரும்போது அவளைப் பார்த்தோம். பின்பக்கம், வண்டி கழுவுகிற இடத்தில், வெயிலில் நின்று வண்டி நம்பர்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரத்தில் கால் வைத்து ஓடி வந்தாள். வாயசைந்தது. திட்டுகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள், அந்தப் பொண்ணு என்ன கேட்டான்னு தெரியுமா என்று. திட்டினாள் என்றேன். "சார், இப்பவாவது சத்தம் கேக்குதான்னு கேட்டா. கேலியா இல்லைங்க, நெஜமாவே கேட்டா. நீங்க சரிம்மான்னு சொல்லிட்டு வந்துட்டீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா எனக்கு முதுகுப்பக்கம் நின்று மெதுவான குரலில் என்னைத் திட்டிப் பார்த்திருக்கிறாள். நான் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். கல்யாணம் ஆனதிலிருந்து திட்டுக்கு நான் பதில் பேசாத நாள் அது ஒன்றுதானாம். சொல்லும்போது சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே ஷோரூமுக்குப் போகிறேன். பஸ்ஸில்தான். கார் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மேனேஜரிடம் நான் சொன்னது பொய் என்று அதே ஹாலில், அதே தொண்டையில் சொல்ல வேண்டும். அவளிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவள் என்ன பதில் சொன்னாலும், காதில் விழும்வரை திரும்பச் சொல்லச் சொல்லி நிற்கப் போகிறேன். நீ எடுத்த இடத்தில் புதிதாக இப்படி எழுது: வண்டியில் கோளாறு இல்லை, அந்தப் பெண் சொன்னதுதான் நிஜம், கோளாறு ஓட்டுகிறவரின் காதில். ஸ்டார் எத்தனை கொடுக்க முடியுமோ அத்தனையும் கொடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் காரை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது நீ கூப்பிட்டாய். "அப்பா" என்றது கேட்டது. அப்புறம் உன் குரல் இறங்கிவிட்டது. ரொம்ப நேரம் பேசினாய். நடுவில் நிறுத்தினாய், மறுபடி பேசினாய். நான் வழக்கம் போல ம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஏதோ கேட்டாய். அது கேள்வி என்று மட்டும் தெரிந்தது. நான் "சரிம்மா, அப்படியே செய்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ ஃபோனை வைத்துவிட்டாய். அன்றைக்கப்புறம் நீ கூப்பிடவில்லை. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

என் கண்ணு, நான் எதற்குச் சரி சொன்னேன்? எழுது. பெரிய எழுத்தில் எழுத வேண்டியதில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது. நீ கேட்டது எதுவாக இருந்தாலும் அந்தச் சரியை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். காதில் விழாத கேள்விக்குச் சொன்ன பதில் எந்தக் கணக்கிலும் சேராது. இன்னொரு தடவை கேள். இல்லை, கேட்கவே வேண்டாம் என்று தோன்றினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பயலோடு வந்துவிடு. கேட் திறந்தே இருக்கும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அது போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா