சுவரோடு சேர்த்துக் கட்டிய கராஜ்

பிரதான வீதி,
சாய்ந்தமருது.
1982 மார்ச் 7

அன்பு மகன் மசூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவின் முழங்கால் வலியையும் என் இருமலையும் கழித்துவிட்டால் நாங்கள் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாகவே இருக்கிறோம், தம்மாமில் நீயும் வெயிலுக்கு வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குறை நோயின்றி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உன் கடிதம் கிடைத்துப் பதினாறு நாளாகிறது. பதில் தாமதித்ததற்கு வேலை காரணமல்ல, பயம்தான் காரணம். கராஜ் முடிந்துவிட்டதா, லொறியை விலை பேசி முடிக்கலாமா என்று நீ கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. நான் எழுத உட்கார்ந்தால் வரம்பு உடைந்த வயல் போலத் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஓடும் என்று உன் மாமா அச்சிமுகம்மது சொல்வார், ஆகவே நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் பழகியபடி விடயங்களை முதலிலேயே இலக்கமிட்டுத் தருகிறேன்.

1. கராஜின் இன்றைய நிலை.
2. அதில் விழுந்த பிழைகள்.
3. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள் கராஜைப் பார்த்தது.
4. அன்று நான் வாய் திறக்காதது.
5. நீ செய்ய வேண்டியது.

முதலாவது. கராஜ் எழும்பிவிட்டது. முப்பது அடி நீளம், பதினெட்டு அடி அகலம், நீ படம் கீறி அனுப்பியபடி லொறி பாரத்தோடு நுழையத்தக்க உயரம், வீட்டின் தென்சுவரோடு சேர்த்து. கூரைக்கு அஸ்பெஸ்டஸ் தகடு போட்டாயிற்று. வீதிப் பக்கத்து இரட்டைக் கதவுக்குப் பலகை அறுத்துக் கிடக்கிறது, அதைக் கதவாக்கிப் பூட்ட நாளை வருகிறேன் என்று சொன்ன ஓடாவி மூன்று கிழமையாக நாளைதான் வருகிறார். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். உன் மாமா முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு, “என்ன மச்சான், வீட்டுக்குக் கராஜ் கட்டினீங்களா, கராஜுக்கு விறாந்தை கட்டினீங்களா?” என்று கேட்டார். உம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அன்றிரவு முற்றத்தில் நின்று நானும் அதையே பார்த்தேன். இது உன் தங்கச்சி சுல்பிகாவுக்கென்று கட்டிய வீடு. அவள் பிறந்த வருடம் கிணறு கட்டினோம், பிறகு அறை அறையாக வளர்த்தோம், சூறாவளியில் கூரை பறந்தபோது நீ அங்கே போன முதல் வருடத்துச் சம்பளத்தில்தான் மறுபடி ஓடு ஏறியது. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போகிறவன். அந்த வீட்டோடு உன்னுடைய கராஜை ஒட்டவைத்தால் நாளைக்கு எது யாருடையது என்ற கேள்வி வரும் என்பது என் புத்திக்கு அன்றே பட்டது. ஆனால் தனியாகக் கட்டினால் டயரையும் பற்றரியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், சுவரோடு சேர்ந்திருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சத்தம் கேட்கும், உன் முதலாளியின் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது விடயத்தில் எனக்கு உன்மேல் கொஞ்சம் மனக்குறை உண்டு, அதை மறைக்காமல் எழுதுகிறேன். லொறியின் அடியில் இறங்கி வேலை பார்க்க நடுவில் ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி வேண்டும் என்று கீறியிருந்தாயே, நீ பிறந்து வளர்ந்த மண் உனக்கு மறந்துபோனதா? கடலுக்கும் நமக்கும் இடையில் நாலு வளவுதான் இருக்கிறது. மேசன் அழகரெத்தினம் மூன்றடி தோண்டியதும் தண்ணீர் ஊறியது. அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு, “ஐயா, தம்பி இதில கிணறும் கீறியிருக்காரு போல, லொறிய நிப்பாட்டிக் குளிப்பாட்டவும் செய்யலாம்” என்றார். மூடச் சொல்ல வேண்டியவன் நான். மகன் கீறியிருக்கிறானே, வேறு ஏதாவது வழி இருக்குமோ என்று இரண்டு நாள் யோசித்தேன், அந்த இரண்டு நாளில் குழியின் கரை சரிந்துவிட்டது. பிறகு கல்லும் மணலும் போட்டு மூடி மேலே சீமெந்து பூசினோம், இப்போது அந்த இடம் மாத்திரம் தாழ்ந்து கிண்ணம் போல் இருக்கிறது. அடுத்தது கூரை. வீட்டு ஓடும் கராஜ் தகடும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் வடியும் பீலி போதவில்லை, தை மாத மழையில் தண்ணீர் முழுவதும் சுல்பிகாவின் அறைக்குள் இறங்கி அவளுடைய அலுமாரி நனைந்தது, நீ அனுப்பிய துணிகளும் அதற்குள்தான் இருந்தன. மூன்று முறை தார் பூசியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒழுக்கு ஒரு முழம் தள்ளிப்போகிறதே தவிர நிற்கவில்லை. மூன்றாவது பிழைதான் பெரிய பிழை. அவளுடைய அறை யன்னல் தென்சுவரில் இருந்தது உனக்குத் தெரியும். கராஜ் வந்ததும் அது கராஜுக்குள் திறந்தது. அழகரெத்தினம், “யன்னலால காத்தும் வராது வெளிச்சமும் வராது, கீழ வெட்டிக் கதவாக்கினா வீட்டுக்குள்ளாலயே போய் வரலாம், வெட்டட்டுமா ஐயா?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். இருமிக்கொண்டிருந்தபோது தலையாட்டினேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், உனக்குச் சொல்கிறேன், தெளிவாகத்தான் ஓம் என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார், நான் விளக்க வேண்டும், அந்த அலுப்புக்குப் பயந்து ஓம் என்றேன்.

மூன்றாவது. சம்மாந்துறைப் பெரிய வயல்காரர் மீராசா போடியாரின் இரண்டாவது மகன் அபுல் ஹஸனுக்குச் சுல்பிகாவைப் பேசியிருப்பதை உம்மா சொல்ல, போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, தொழுகையாளி, வாய் அதிகம் இல்லாத பிள்ளை. மாசி கடைசியில் போடியாரும் பெண்டுகளுமாகப் பதினொரு பேர் வீட்டைப் பார்க்க வந்தார்கள். முன் அறையைப் பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள், கிணற்றில் ஒரு வாளி அள்ளி ருசி பார்த்தார்கள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாகச் சுல்பிகாவின் அறைக்கு வந்த போடியார் அந்தப் புதுக் கதவைத் திறந்து அப்பால் போனார். அங்கே நின்று கூரையைப் பார்த்தார், கைத்தடியால் நிலத்தைத் தட்டினார், அடி வைத்து அளந்தார். “அல்லாஹ்வே! இதுக்குள்ள எங்கட பெரும்போக நெல்லு முழுக்க அடுக்கினாலும் மறுகா ரெண்டு பாய் விரிச்சுப் படுக்கலாம். வீடு சின்னனெண்டு நினைச்சன், பொண்டாட்டிட சொல்லக் கேட்டுத் திரும்பிப் போகப் பார்த்தன். மாஸ்டர், நீங்க சத்தமில்லாம பெரிய வேலைதான் செஞ்சிருக்கீங்க” என்றார். இலாகாவில் இலிகிதராக எழுதிக்கொண்டிருந்தவனை மாஸ்டர் என்றதையே நான் திருத்தவில்லை. அவருடைய மனைவி கதவைத் தொட்டுப் பார்த்து, “மழைக்கு நனையாம புள்ள நெல்லெடுக்கலாம்” என்றாள். அவர்கள் உன் கராஜை நெல் அடுக்கும் அறை என்று எடுத்துக்கொண்டார்கள் மகன். கதவு வீட்டுக்குள்ளால் இருக்கிறது, கூரை வீட்டோடு சேர்ந்திருக்கிறது, வீதிப் பக்கத்தில் பலகைகூடப் பூட்டவில்லை, வேறென்ன என்று நினைப்பார்கள்?

நாலாவது. அந்த இடத்தில், இது என் மகனுடைய கராஜ், இது மட்டும் வீட்டோடு சேராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். அதற்குள் உன் மாமா முந்திக்கொண்டு, “இரிக்கிறது ஒரே பொண்புள்ள, எல்லாம் அவளுக்குத்தானே போடியார்” என்று சொல்லிவிட்டார். போடியார் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாடியைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். மௌனம் சம்மதம் என்று எடுத்து வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். வெள்ளாமை வெட்டு முடிந்ததும் நொத்தாரிசைக் கூட்டிவந்து வீடு, வளவு, கிணறு, தெற்கே சேர்ந்த கட்டடம் எல்லாவற்றையும் சுல்பிகாவின் பேரில் காணி உறுதி எழுதுவது, நோன்புக்கு முன் காவின் எழுதிக் கலியாணம் என்று பேச்சு முடிந்தது. அவர்கள் போன பிறகு உம்மாவிடம் சொன்னேன். அவள், “இருபத்தேழு வயசுப் புள்ளைக்கு மூணு சம்பந்தம் வீடு சின்னனெண்டு திரும்பிப் போச்சு. கராஜ் பெரிசா புள்ள பெரிசா? சும்மா இரிங்க” என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாமா, “மசூர் என்ன, வேற ஊரான்ட மகனா? தங்கச்சிக்குத்தானே போகுது” என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. யார் பேசினாலும் எனக்கு அதில் நியாயம் தெரிகிறது, அதுதான் என் கேடு. மறுநாள் காலை சுல்பிகா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு, “அப்ப காக்கா வந்து லொறிய எங்க நிப்பாட்டுவாரு வாப்பா?” என்று கேட்டாள். மூன்று வருடமாக நீ அனுப்பியதெல்லாம் கூரைக்கும் மருந்துக்கும் அவளுடைய சாமான்களுக்கும் போயிற்று. உனக்கென்று நீ கேட்டது இந்தக் கராஜ் ஒன்றுதான். திரும்பி வந்து லொறி வைத்து நெல் ஏற்றிப் பிழைக்கலாம், மறுபடி அந்த நாட்டுக்குப் போகத் தேவையில்லை என்று நீ எழுதிய கடிதத்தை உம்மா என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தக் கராஜை நான் உனக்கும் சொல்லாமல், அவர்களுக்கும் சொல்லாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்துவிட்டேன்.

ஐந்தாவது. ஆகவே நீ செய்ய வேண்டியது, மீராசா போடியாருக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுதுவது. மரியாதையாக எழுது, சலாம் சொல்லி, அவருடைய வெள்ளாமையை விசாரித்து, கராஜ் உன் தொழிலுக்காகக் கட்டியது, உறுதியில் அதைச் சேர்க்க வேண்டாம், அந்தக் கதவைக் கல் வைத்து அடைத்துவிடுவோம், வேண்டுமானால் குசினிப் பக்கம் நெல்லுக்கு ஓர் அறை இறக்கிக் கொடுக்கலாம் என்று எழுது. வெளிநாட்டில் உழைக்கிற பிள்ளை, உன் சொல்லுக்கு அவர் மதிப்புக் கொடுப்பார். நான் போனால் முதலில் தேத்தண்ணி தருவார், பிறகு வெள்ளாமையைப் பற்றிக் கதைப்பார், நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பி வருவேன். என்னை எனக்குத் தெரியும். வெட்டு முடிய இன்னும் ஐந்தாறு கிழமை இருக்கிறது, நீ உடனே எழுதினால் அதற்குள் கிடைத்துவிடும்.

இவ்வளவும் வெள்ளிக்கிழமை எழுதி முடித்து உறைக்குள் வைத்திருந்தேன். தபாற்கந்தோர் வரைக்கும் போய், முத்திரையும் வாங்கிவிட்டு, போடாமல் திரும்பிவிட்டேன். இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், ஐந்தாவது விடயம் பிழை. நீ எழுதினால் அந்தக் கடிதத்தைப் போடியார் வீட்டில் பத்துப் பேர் வாசிப்பார்கள். தங்கச்சிக்குக் கொடுத்ததைக் கூடப்பிறந்த காக்கா திருப்பிக் கேட்டான் என்ற சொல்லோடுதான் நம்முடைய பிள்ளை வாழ வேண்டிவரும், சம்பந்தம் நின்றுபோனால் நீ நிறுத்தினாய் என்று உம்மாவே ஒரு நாள் சொல்லிவிடுவாள். நான் போய்ச் சொன்னால் அப்துல் ஸமட் அன்றைக்கு வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார் என்று என்னைத்தான் ஏசுவார்கள், அது ஊருக்குப் புதிய செய்தியும் அல்ல. நீ எழுத வேண்டாம். லொறியையும் என்னுடைய அடுத்த கடிதம் வரும்வரை பேசி முடிக்க வேண்டாம், ஏனென்றால் நான் போவதால் காரியம் சரிவரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, சம்பந்தம் குழம்பவும் கூடும். சுல்பிகாவிடம் இன்று காலை இதைச் சொன்னபோது, “போய்ச் சொல்லுங்க வாப்பா” என்றாள். சுபஹுத் தொழுகையை விடாதே, வெயிலில் நின்று வந்த உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே, உம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. ரப்புல் ஆலமீன் உன் உழைப்பில் பறக்கத்தையும் உன் உடம்புக்கு ஆபியத்தையும் தருவானாக. நாளை லுஹர் தொழுதுவிட்டு நான் சம்மாந்துறைக்குப் போகிறேன், ஐந்தாவது விடயத்தில் உன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதி வாசித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
ஆ. அப்துல் ஸமட்