நடுவரம்பு இல்லாத வயலில் நான் சொன்ன சொல்

என் அன்புத் தம்பி ராமையா,

பார்த்தாயா, நீ கண்ணை மூடிய பிறகுதான் எனக்குத் தம்பி என்று வாய் வருகிறது. பஸ் கொண்டக்டரையும் உர மூட்டை இறக்க வந்த முகம் தெரியாத பையனையும் தம்பி என்று கூப்பிடுகிற வாய் இது. இத்தனை வருசமும் நீ என்னை அண்ணே அண்ணே என்றாய், நான் உன்னை ராமையா என்றேன். ஏன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

விசுவமடுவில் மழை தொடங்கிவிட்டது. நீ இல்லாத முதல் காலபோக விதைப்பு. இரண்டு வயலையும் நேற்று உழுது முடித்தோம். இரண்டு வயல் என்று நான் சொன்னாலும் பார்க்கிறவருக்கு அது ஒன்றுதான். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த வருசம், ட்ரக்டர் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று நடுவரம்பை நாம் இருவரும் சேர்ந்து வெட்டிச் சமப்படுத்தினோமே. உன் பக்கம் எது, என் பக்கம் எது என்பது நமக்குத் தெரிந்தால் போதும் என்று நீதான் சொன்னாய். உன் விதைப்புக்கு நான் இறங்கினேன், என் அறுவடைக்கு நீ வந்தாய். கூலி என்ற பேச்சு நமக்குள் வந்ததே இல்லை.

அந்த வரம்பு இல்லாமல் போனதால்தான் இவ்வளவும் வந்தது. இல்லை, வரம்பின் மேல் ஏன் பழி போடுகிறேன்? என் நாக்கால் வந்தது.

போன வருசம் உதவி நிறுவனத்தின் வெள்ளை வாகனத்தில் வந்தவர்களை உனக்கு நினைவிருக்கும். ஊருக்கு வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் என்னைத்தானே கூப்பிட்டு அனுப்புவார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்த காலத்தில் பழகிய ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு நான் போட்ட எடுப்பு கொஞ்சமா? அன்றும் அயன் பண்ணிய சேர்ட்டோடு வயலுக்கு வந்தேன். முழங்கால் வரை சேற்றோடு நின்ற நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்த வெள்ளைக்காரப் பெண் வயலை ஒரு சுற்றுப் பார்த்தாள். இவ்வளவும் உங்களுடையதா என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை. பிறகு உன்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள்.

நான் "லேபரர்" என்றேன்.

வேறு சொல் தெரியாமல் சொல்லவில்லை, தம்பி. அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. தெரியாமல் சொல்லியிருந்தால், கிழவன் தடுமாறிவிட்டான் என்று விட்டுவிடலாம். அந்தப் பெண்ணுக்கு முன்னால் பெரிய வயல்காரனாக நிற்க எனக்கு ஆசை வந்தது, அவ்வளவுதான். அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது. எவ்வளவு காலமாக அங்கே இருந்தது என்று யோசித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

படம் எடுக்க வேண்டும் என்றாள். உன்னைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தேன். நீ விலகிப்போய், என் செருப்பையும் குடையையும் பிடித்துக்கொண்டு நின்றாய்.

உனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல் உனக்குத் தெரியும் என்பதை எப்படி மறந்தேன்? மலையகத் தேயிலைத் தோட்டத்து லயன் அறையை விட்டு, கலவரத்தில் அடிபட்டு, குடும்பத்தோடு வன்னியில் வந்து இறங்கிய அன்று உன் அப்பா சொன்னதை நீயேதான் எனக்குச் சொன்னாய். "இனி நம்மள யாரும் லேபர்னு கூப்பிட மாட்டாங்கடா." அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்ததும், பிறகு கண்ணைத் துடைத்ததும் எனக்கு மறக்கவில்லை. மறக்காமல் இருந்தும் சொன்னேன்.

படம் வந்ததும் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினேன். நீ வந்து பார்த்தாய். "நல்லா விழுந்திருக்கீங்கண்ணே" என்றாய். குத்திக்காட்டவா சொன்னாய், உண்மையாகவே சொன்னாயா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. திட்டியிருக்கலாமே, தம்பி. நீ தேத்தண்ணி குடித்து, குளத்தில் தண்ணீர் திறக்கிற நாளைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனாய்.

நீ விட்டாலும் உன் மகள் கலா விடவில்லை. அந்த வெள்ளைக்காரப் பெண் வந்த அன்று வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள் அவள்தானே. கம்பஸில் படித்த பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்காமல் இருக்குமா? அதுவரை பெரியப்பா என்றவள் அன்றிலிருந்து என்னை ஐயா என்கிறாள். மரியாதையான சொல்தான். கேட்கும்போது உடம்பு கூசுகிறது.

உன் வயலை இப்போது அவள்தான் பார்க்கிறாள். நேற்று ட்ரக்டர் போனதும் என்னிடம் வந்தாள்.

"ஐயா, நடுவரம்பைத் திரும்பக் கட்டுவம்."

ட்ரக்டர் திரும்பக் கஷ்டப்படுமே பிள்ளை என்று இழுத்தேன். தை மாதம் அந்த வெள்ளை வாகனம் மறுபடி வருகிறது என்ற செய்தி அவளுக்கும் போயிருக்கிறது.

"அவை வந்து நான் ஆரெண்டு கேட்டா, என்ன சொல்லுவியள்?"

 வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் கிடந்து சொல் தேடினேன். அன்று பிரெண்ட் என்று சொல்லியிருக்கலாம். பார்ட்னர் என்று சொல்லியிருந்தால் சேர்ந்து கடை வைத்திருப்பது போல இருந்திருக்கும். நெய்பர் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன். பிரதர் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் களைத்த பிறகுதான் புத்தி வந்தது. இந்தச் சொற்களெல்லாம் நீ எனக்கு யார் என்று சொல்கின்றன. அந்தப் பெண் கேட்டது அதை இல்லையே. நீ யார் என்றல்லவா கேட்டாள்?

ஃபார்மர். கமக்காரன். உன் பெயரில் உறுதிப் பத்திரம் உள்ள நிலத்தில் நீ விதைத்தாய், நீ அறுத்தாய். சின்னப்பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தில் மாட்டுக்கும் கோழிக்கும் பக்கத்தில் நிற்கிற சொல் அது. என்னை நடுவில் வைக்காமல் உன்னைப் பார்க்கத் தெரியாததால் அது என் வாயில் வரவில்லை.

இன்று காலை படத்தைக் கழற்றிவிட்டுக் கலாவிடம் போனேன். அன்று சொன்ன சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது.  அவள் மண்வெட்டிக்குப் பிடி மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மாற்றிக் கொடுத்தேன்.

நாளைக்கு விடிய வரம்பு கட்டத் தொடங்குகிறோம். கயிறு பிடித்து எல்லை காட்டப் போவது அவள், மண் வெட்டிப் போடப் போவது நான். தை மாதம் அவர்கள் வந்தால், இங்கே இரண்டு வயல், இரண்டு ஃபார்மர் என்று நானே முதலில் சொல்வேன். அன்று விலகி நின்றவர் யார் என்பதையும் சொல்வேன். நாளைக்கே யாராவது அந்த வழியால் வந்து, சேற்றுக்குள் மண் வெட்டுகிற கிழவன் யார் என்று உன் மகளிடம் கேட்டால், அன்று நான் உன்னைச் சொன்ன அதே "லேபரர்" என்ற சொல்லை அவள் சொல்லட்டும். நான் தலையாட்டிவிட்டு, அவளுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு,
பெரியப்பா என்று இன்னொருமுறை கேட்கக் காத்திருக்கும்
உன் அண்ணன்