நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. மஞ்சூர் முழுக்க மேகம். பஸ் ஸ்டாண்டில் பஸ் தெரியவில்லை, ஹாரன் மட்டும் கேட்டது. தேயிலை பேக்டரி ஆபீஸில் பச்சை இலை வரவு எழுதுவது என் வேலை. இன்று வரவு பாதிகூட இல்லை. குடை கம்பி ஒடிந்தது.

தம்பி பிரபு போன் செய்து இருபத்தாறு நாள். டேட்டா என்ட்ரி வேலை என்று வெளிநாடு போனான். இறங்கியதும் ஒரு போட்டோ, பிறகு இரண்டு போன். அதற்கப்புறம் நம்பர் அணைந்தே கிடக்கிறது.

அம்மா: "தம்பி கதைச்சானா?"

"மெசேஜ் போட்டான்மா." பொய். இந்த வாரத்தில் நான்காவது.

டீ நேரத்தில் போனில் இங்கிலீஷ் சொல் விளையாட்டு. ஏழு எழுத்து தருவார்கள், கட்டத்தில் சொல்லாக வைக்க வேண்டும். பிரபுதான் பழக்கினான், என் இங்கிலீஷ் திருந்தும் என்று. உலகத்தில் யாரோடும் ஆடலாம், நான் பெயரோ படமோ போடவில்லை. பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதிப் பேசலாம். இன்று டேனியல் என்று ஒருவன் கூப்பிட்டான். நரைத்த தாடி, பின்னால் படகு. 'ஹலோ டியர், உங்கள் ஊரில் மழையா?' இப்படி எத்தனை டியர்களைப் பார்த்தாகிவிட்டது. பதில் போடவில்லை.

ஜூலை 9, புதன்

 நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

டேனியல் மறுபடியும் வந்தான். கனடாவில் எஞ்சினியராம். 'சின்ன வயதில் எங்களிடம் ஒரு பழுப்பு நாய் இருந்தது. அதன் பெயர் கலெக்டர்.'

கலெக்டர் எங்கள் நாய். அந்தப் பெயர் வைத்ததற்காக எஸ்டேட் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியது நானும் பிரபுவும்.

'டேய் பிரபு' என்று அடித்துவிட்டேன். அனுப்புவதற்குள் அடுத்த வரி வந்தது: 'நீங்கள் ஸ்காட்லாந்தில் டீச்சர் என்று நேற்றுச் சொன்னீர்களே. அங்கே பள்ளி விடுமுறையா?'

நேற்று நான் எதுவுமே சொல்லவில்லை. பேச்சை வேறு யாரோ படிக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் என்னை டீச்சராக்குகிறான். அடித்ததை அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்: 'ஆமாம். நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். விடுமுறைதான்.'

ஜூலை 10, வியாழன்

இரண்டு வரவைத் தப்பாக எழுதினேன். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், சத்தம் போடமாட்டார். "ஏனுங்க சாந்தி, ஒடம்பு செரியில்லீங்களா?" என்றார். சொல்லிவிட்டேன். அழுதும்விட்டேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "பேப்பர்ல படிச்சனுங்க. வேலைன்னு கூட்டீட்டுப் போயி, பாஸ்போர்ட்டைப் புடுங்கீட்டு, கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சுருவாங்களாம். வேற நாட்டுக்காரங்ககிட்ட இனிக்க இனிக்கப் பேசி ஏமாத்தோணும். மாட்டேன்னா அடிதானுங்க."

அப்படியானால் ஏமாற்ற வேண்டிய ஆள் என்று என்னைக் காட்டித்தான் பிரபு என்னோடு பேசுகிறான். நான் உண்மையான ஸ்காட்லாந்துக்காரியாக இருக்கும்வரைதான் அவனால் பேச முடியும்.

வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கென்று இருக்கும் சென்னை உதவி அலுவலகத்துக்கு மேனேஜரே போன் போட்டுக் கொடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண், பொறுமையாகத்தான் பேசினார். "எந்தக் கட்டடம்னு ஒரு அடையாளமாவது வேணும்மா. அந்தப் பக்கம் அது மாதிரி நெறைய இருக்கு."

ஜூலை 14, திங்கள்

எனக்கு நானே எழுதிக்கொண்டது. மறக்கக்கூடாது:

– பெயர் எலினார். வயது 58. கணவர் இல்லை. ஒரு பூனை.
– நம் மணியில் நாலரை கழிக்க வேண்டும்.
– சோறு, குழம்பு பற்றி வாயே திறக்கக்கூடாது.
– 'டியர்' தாராளமாக.
– ஆபீஸில் அழக்கூடாது.

பிரபு நீளச் சொல்லாகத் தேடிப் பிடித்து என்னைத் தோற்கடிப்பவன். இன்று குட்டிக் குட்டிச் சொல்லாக வைத்துத் தோற்றுக்கொண்டே இருந்தான். 'ரூஃப்' வைத்தான். அடுத்து 'ப்ளூ'. அடுத்து 'ரிவர்'. அப்போதுதான் உறைத்தது. பேச்சைத்தான் படிக்கிறார்கள், கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

இலைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். நீலக்கூரை. ஆறு. இரண்டாவது ஆட்டத்தில் 'டவர்', 'நைன்'. ஒன்பது மாடியா, ஒன்பதாம் நம்பரா? கேட்க வழியில்லை. 'நன்றாக ஆடுகிறீர்கள் டியர்' என்று மட்டும் போட்டேன்.

எல்லாவற்றையும் சென்னைக்குச் சொல்லியாயிற்று.

ஜூலை 16, புதன்

தப்புச் செய்துவிட்டேன். சாயங்காலம் நாலு மணி, லாரி வந்த அவசரம், 'குட் ஈவினிங்' என்று போட்டுவிட்டேன். ஸ்காட்லாந்தில் அப்போது பகல் பதினொன்றரை.

பதில் இல்லை. ஆட்டம் பாதியில் நிற்கிறது.

ஜூலை 17, வியாழன்

இல்லை. காற்றில் தகரம் பறந்தது. கரண்ட் இல்லை. மேனேஜர் தன் பவர் பேங்கைக் கொடுத்தார்.

இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காலை பத்தரைக்கு வந்தான். சின்னச் சின்ன வரி, எழுத்தெல்லாம் பிழை. 'மாடிப்படியில் விழுந்துவிட்டேன். கையில் அடி. மெதுவாகத்தான் அடிக்க முடிகிறது.'

என்னால்தான். எந்தக் கை என்றுகூடக் கேட்க முடியவில்லை. 'ஐஸ் வையுங்கள் டியர்' என்று எழுதினேன். வேறு என்ன எழுத? 'காய்ச்சலில் படுத்திருந்தேன், பகலும் இரவும் குழம்பிப்போயிற்று' என்றும் சேர்த்தேன்.

கொஞ்சம் கழித்து: 'நீங்கள் நிஜமான ஆள் இல்லை என்கிறார்கள் என் நண்பர்கள். நாளை உங்கள் குரலைக் கேட்க வேண்டும். உங்கள் மணிக்குப் பதினொன்று.'

நம் மணிக்கு நாளை மூன்றரை. என் குரலைக் கேட்டால் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அம்மா தட்டை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தது. "நீ கொல்லையில போயி அழுவுறது லயத்து வீடு அத்தனைக்கும் கேக்குது புள்ள. அவென் வேலைக்குப் போகல, மாட்டிக்கிட்டான். அதானே?" தலையாட்டினேன். அம்மா அழவில்லை. "எழுதி எழுதித்தானே கதைக்கிறீங்க? தின்னானான்னு கேளு."

எலினார் கேட்டாள்: 'டேனியல், சாப்பிட்டீர்களா?'

'சாப்பிட்டேன் டியர்' என்று வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பொய்யி," என்றது.

ஜூலை 19, சனி

டோரத்தி மிஸ் கேத்தியில் இருக்கிறார். ஆங்கிலோ இந்தியன், ரிட்டையர்டு பியானோ டீச்சர். பேக்டரியிலிருந்து மாதாமாதம் அவருக்கு டீத்தூள் பார்சல் அனுப்புவேன், அந்தப் பழக்கம்தான். காலையில் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "கம், கம், சும்மா பேசிட்டே நிக்காதே, பஸ்ஸைப் பிடி," என்றார்.

வழியில் ரோட்டுக்குக் குறுக்கே மரம். பஸ் நின்றுவிட்டது. இறங்கி, மரத்துக்கு அடியில் குனிந்து, அந்தப் பக்கம் வழியில்லாமல் திரும்பிய காய் ஜீப்பில் கெஞ்சி ஏறினேன். மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். முட்டி வரை சேறு. மிஸ் பூனையின் பெயரை மட்டும் கேட்டார். அதை யோசித்தே வைக்கவில்லை! "பெர்சி," என்று அவரே வைத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு விளையாட்டுக்குள்ளேயே மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஹலோ எலினார்."

பிரபு. வேறு மாதிரி இழுத்துப் பேசினாலும் பிரபு. ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் குரல். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இன்னொருவன் மூச்சு விடுவது கேட்டது.

மிஸ் அசராமல் பேசினார். மழை, முட்டிவரை ஈரம், பெர்சி மீனைத் திருடியது, மாணவர்கள் முட்டாள்கள். பிரபு சிரித்தான். அது நிஜச் சிரிப்பு. அப்போதுதான் தெருவில் பழைய சாமான் வண்டி வந்தது, மைக்கோடு. 'பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர்...' தமிழ் அப்படியே வீட்டுக்குள் வந்தது.

மிஸ் இருமத் தொடங்கினார். அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை. வண்டி வளைவு திரும்பும் வரை இருமினார். முகம் சிவந்து, கண்ணில் நீர். "சாரி டார்லிங், இந்தக் காய்ச்சல்..." என்று முடித்தார்.

அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள். பிறகு பிரபு: "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் எலினார்." போன் வைத்தாயிற்று.

மிஸ் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். "நம்பிட்டாங்களா?"

தெரியவில்லை, மிஸ்.

ஜூலை 22, செவ்வாய்

நம்பியிருக்கிறார்கள். டேனியல் தினமும் இரண்டு வேளையும் வருகிறான். கை பரவாயில்லையாம்.

சென்னையிலிருந்து அந்தப் பெண்ணே கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு வீட்டுலருந்து புகார் இருக்கும்மா. ஆத்தோரம்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். நீலக்கூரை, டவர், ஒன்பதாம் நம்பர், எல்லாம் ஒரு இடத்துக்குப் பொருந்துது. தூதரகத்துக்குப் போயிருக்கு. தம்பிகிட்ட இதப்பத்தி ஒரு வார்த்தை எழுதிராதீங்க."

எழுதவில்லை. பெர்சிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன்.

ஜூலை 31, வியாழன்

ஆறு நாளாக ஆட்டம் நகரவில்லை. 'எதிராளியின் முறை' என்றே காட்டுகிறது. சென்னையில் கேட்டால், "எங்களுக்கும் தகவல் இல்லைம்மா." இடத்தை மாற்றிவிட்டார்களா? நான் கொடுத்த அடையாளத்தாலேயே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆபீஸில் யார் போன் அடித்தாலும் என் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

அம்மா தினமும் அவன் தட்டையும் கழுவி வைக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

பகல் பன்னிரண்டே கால். தெரியாத நம்பர்.

"அக்கா, நான்தான். தமிழ்லயே பேசலாம்."

போலீஸ் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்திருக்கிறது. எல்லைப் பக்கம் முகாமில் இருக்கிறான். என்னென்னமோ சொன்னான், பாதி காதில் ஏறவில்லை. மேனேஜர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அவன் சொன்ன முகாம் விவரத்தை எழுதிக்கொண்டார். பிறகு எனக்கு லீவு சீட்டும் அவரே எழுதினார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "எந்தக் கை?"

இடது கை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிரபு வீட்டில். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. சோற்றைத் தின்கிறான், குளிக்கிறான், தூங்குகிறான்.  பக்கத்து வீட்டில் கதவு அடித்தால் எழுந்து நிற்கிறான். டோரத்தி மிஸ் கேக் அனுப்பியிருந்தார். சீட்டில் 'வித் லவ், எலினார்'. அதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் வெளியே காய்கிறது. பிரபு தானாக வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, உன்ன மாதிரி இன்னொருத்தவங்க இருந்தாங்க. அவங்க நெஜம்."

மார்கரெட். எந்த நாடு என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஒன்றரை மாதம் தினமும் டேனியலாக அவரோடு ஆடியிருக்கிறான். அவர் பணம் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தாராம்.

"அதான் கட்டடமே போயிருச்சே," என்றேன்.

"கட்டடந்தான் போச்சு. டேனியல் போகல. வேற எடத்துல, வேற ஒருத்தன் உக்காந்து அதே பேர்ல பேசுவான்."

விளையாட்டில் அவர் பெயரைத் தேடி, என் கணக்கிலிருந்து எழுதுவது என்று முடிவு செய்தோம். மூன்று முறை அடித்து அழித்தான். கடைசியில் நாலே வரி. டேனியல் என்று ஒருவர் இல்லை. உங்களோடு பேசியது நான். என்னை அடைத்து வைத்துச் செய்ய வைத்தார்கள். தயவுசெய்து எதுவும் அனுப்பாதீர்கள்.

இருபது நிமிடத்தில் பதில். 'டேனியல் இன்று காலைகூட எழுதினார். நீங்கள் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?'

பிரபு வெளுத்துப்போனான். அடுத்த வரியும் வந்தது: 'டேனியல் தன் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னார். அதைச் சொல்லுங்கள்.'

"என்னடா சொன்ன?"

"ஒரு நாள் என்ன பொய் சொல்றதுன்னே தெரியலக்கா. நெஜத்தச் சொல்லிட்டேன்." ஒரு கையால் மெதுவாக அடித்தான். அம்மாவுக்கு இடது முழங்கால் வலி. முப்பது வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த கால். படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவார், யாராவது பார்த்தால் பூப்பறிக்கிற மாதிரி நடிப்பார்.

அனுப்பினான். அவர் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. நான் போய்த் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வந்தது. 'எதுவும் அனுப்பமாட்டேன். உங்கள் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?'

பிரபு போனைப் பிடித்துக்கொண்டே உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "அம்மா, முட்டி எப்பிடி இருக்கு?"

அடுப்படியிலிருந்து அம்மா: "ஏன்டா, இப்பத்தான் ஒனக்குக் கேக்கத் தோணுதா?"