ஆதிக்குத் தினமும் லீவு

நெம்மேலி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்வாதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி ஆதி மூவரும் சௌக்கியம், உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நான் அழுதால் ஆதி காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்கிறான், அதனால்தான் அவன் தூங்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. சம்பூர்ணம் சித்தி திருவிடந்தைக்கு வந்து தன் பிள்ளை ஹேமந்துக்குக் கல்யாணம் கூடிவர வேண்டி அவன் கழுத்தில் மாலையைப் போட்டுக் கோவிலைச் சுற்ற வைத்தாள். ஸ்வாதிக்கும் ஒன்று வாங்கட்டுமா என்றாள், சுற்றுவதற்கு நீயே வரவேண்டுமாம், தப்பித்தாய்.

சுஷ்மிதா மிஸ் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள் என்று சொன்னேன் அல்லவா. ஆதி மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே படித்தவள், வகுப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். வேறு ஆள் கிடைக்கும்வரை அவனை அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள், உன்னிடம் இதை மறைத்துவிட்டோம். அப்படிச் சொல்லக்கூடாது, சட்டம் இருக்கிறது என்று அப்பா செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். பள்ளிக்கு எழுதியிருக்கிறோம் என்கிறார்கள் அங்கே, ஆள் தேடுகிறோம் என்கிறார்கள் இங்கே, ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை, சண்டை போடக்கூட ஆள் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருநாள் ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், தங்கமான பெண், ஆனால் ஆதி அவள் கையில் செருப்பைக் கொடுத்து வாசலைக் காட்டிவிடுகிறான். பாடம் என்றால் ஸ்கூலில்தான் என்பது அவன் சட்டம்.

காலையானால் தானே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். வேண்டாம் என்றால் கையைக் கடித்துக்கொள்கிறான், மணிக்கட்டெல்லாம் தழும்பு. கேட் மூடியிருந்தால் லீவு என்று அவனுக்குத் தெரியும், புயல் லீவில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டியதும் பேசாமல் திரும்பினான், அதை வைத்து அப்பா ஒரு வழி சொன்னார். இப்போது தினமும் கேட் மூடுகிற நேரம் கழித்துத்தான் கிளம்புகிறோம். நாம் பொய் சொல்லவில்லை லோகு, கேட்தான் சொல்கிறது என்கிறார். வாட்ச்மேன் தாமோதரன் இன்னிக்கு லீவு நைனா என்று ஆதியிடம் சொல்வார், பிறகு என் முகத்தைப் பார்க்காமல், இன்னாம்மா பண்றது, உள்ள வுட்டா என் வேலை பூடும், எனக்கே பேஜாரா கீது என்பார்.

வியாழக்கிழமை ரோடு காலியாக இருந்ததில் சற்று முன்னதாகவே போய்விட்டோம், கேட்டை அப்போதுதான் மூடியிருந்தார்கள். மதிலை ஒட்டிய வகுப்பில் மிஸ் அட்டெண்டன்ஸ் எடுப்பது காதில் விழுந்தது. அபினவ் என்றார், அடுத்து அனு என்றார், நடுவில் வரவேண்டிய நம் பிள்ளையின் பெயர் வரவில்லை. இவன் இறங்கிப் போய்க் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கி, பிரசென்ட் மிஸ் என்றான். யாரும் ஒன்றும் சொல்லாததால் இன்னும் சத்தமாக ஒருமுறை. தாகமெடுத்தால்கூட வாய் திறந்து கேட்காத பிள்ளை இவன், ஸ்வாதி. உள்ளே மிஸ் கொஞ்சம் நிறுத்தினார், பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஆதி கையை இறக்கவில்லை. நானும் அதைப் பிடித்து இறக்கவில்லை, எப்படியம்மா இறக்குவேன்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் கிளம்பாதே, நீ வந்தாலும் எங்களோடு அந்தக் கேட்டு வாசலில்தான் நிற்பாய். ராத்திரியில் வெறும் பிரெட்டோடு படுக்காதே, ஒரு ரசமாவது வை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, வீடியோ காலில் பழக்க தோஷத்தில் ஸ்கூலுக்குப் போனாயாடா கண்ணா என்று அவனைக் கேட்டுவிடாதே. கேட்டால் எந்த நேரமானாலும் கிளம்பிவிடுவான்.

உன் அம்மா,
லோகநாயகி