லீவர் மட்டும் இருந்த ஜீப்

இன்று காலை எதிர்வீட்டு வங்கிக்காரர் ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நம் வாசலுக்கு நேராக நிறுத்தினார். விற்பவன் ஒருநாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறானாம். இறங்கினார், இடுப்பில் கைவைத்தார், முன் டயரைக் காலால் இரண்டு உதை உதைத்தார். அப்போதுதான் வண்டியின் அடியிலிருந்து புதுக் கறுப்புப் பெயின்ட் வாசனை வந்தது. கையிலிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து வராத நீங்கள், யாரோ ஒருவர் டயரை உதைத்ததும் வந்து நிற்கிறீர்கள்.

அந்த உதையில் ஆண்களுக்கு என்ன தெரியவருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டயர் வாய்திறந்து தன் கதையைச் சொல்லுமா? நீங்களும் நம் ஜீப்பை வாங்கப்போன அன்று மாக் மண்டின் பட்டறையில் அப்படித்தான் உதைத்தீர்கள். நான்கையும் சுற்றிச்சுற்றி உதைத்தீர்கள். நான்கும் நான்கு விதமான டயர் என்பதை மட்டும் பார்க்கவில்லை. ஒன்று பெரியது, ஒன்று சிறியது, இரண்டு வழுக்கை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கவேண்டிய வண்டிக்கு நாலும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று தோன்றுவதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

உங்களுக்குப் படிப்பு இருந்தது. அரசாங்கக் கிராணி, குமாஸ்தா வேலை. தினமும் பினாங்குத் தீவிலிருந்து ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், கெப்பாலா பத்தாஸ் ஆபீசில் நாள் முழுதும் அடுத்தவர் விண்ணப்பத்தில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவீர்கள். ஒரு கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனால் உங்களுக்குப் பொறுக்காது. அப்படிப்பட்டவர் சொந்தமாக ஒரு பொருள் வாங்கப்போனால் மட்டும் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவீர்கள். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்து எலக்ட்ரானிக் சில்லுகளில் பழுதானதைப் பார்த்துப்பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன். குறை தெரியாத கண் எனக்கு இல்லை. அது தொழிலால் வந்ததா, உங்கள் அம்மா சொன்னதுபோலப் பிறவிக் குணமா என்பது வேறு விஷயம்.

ஜீப் எதற்கு வந்தது என்பதை மறக்கமுடியுமா? சுங்கை பினாங் வீட்டில் உங்கள் அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், நடுவில் நாம். நமக்கென்று இருந்தது ஒரு மூலையும் ஒரு திரைச்சீலையும். திரைக்கு அந்தப் பக்கம் உங்கள் அம்மாவின் கட்டில். நாம் திரும்பிப் படுத்தால் அவர் இருமுவார். சண்டை வந்தால்கூடக் கிசுகிசுத்துத்தான் போடவேண்டும். கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். பாதிக் கோபம் தொண்டையிலேயே தங்கி, மறுநாள் சமையலில் இறங்கும். நகை வேண்டாம், சேலை வேண்டாம், சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பாலிக் பூலாவ் மலையில் டுரியான் தோட்டம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போமே, அவர் பழம் இறக்க வண்டி தேடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தீர்கள். மலைப்பாதை, சாதாரண வண்டி ஏறாது, ஃபோர் வீல் வேண்டும். சனி ஞாயிறுகளில் பழம் இறக்கினால் தனி வீடு எடுத்துப் போய்விடலாம் என்று திரைக்குப் பின்னால் என் காதில் சொன்னீர்கள். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் அடுப்பு என்றெல்லாம் யோசித்துவிட்டேன். நம்மிடம் இருந்த சேமிப்பு முழுவதும் அந்த ஜீப்புக்குப் போகட்டும் என்று நானேதான் சொன்னேன்.

மாக் மண்டின் பட்டறையில் அதை விற்றவன் நம்மாள்தான். உங்களைப் பார்த்ததும் "வாங்க பாஸ்" என்றான். பினாங்கிலும் சரி, அக்கரையிலும் சரி, உங்களை அதுவரை ஒருவரும் பாஸ் என்று கூப்பிட்டதில்லை. முகம் அப்படியே மலர்ந்துபோனது. வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் சும்மா சடங்கு.

நான் பானெட்டில் கைவைத்துப் பார்த்தேன். சுட்டது. நாம் வருவதற்கு முன்பே முடுக்கிச் சூடாக்கி வைத்திருக்கிறான். சூடான எஞ்சின் எல்லாரிடமும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்ததை முதல் முறையாக முடுக்கும்போதுதான் அதன் புகையும் இருமலும் வெளியே வரும். ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அவன் சிரித்தான், நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எஸ்டேட் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய வண்டி என்றான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியதற்குக் கிளட்ச் மிதியின் ரப்பர் ஏன் தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டுகிறது என்று கேட்டேன். காலடிப் பாயைத் தூக்கினேன், அடியில் காய்ந்த சேறு. வண்டி எங்கேயோ ஆற்றில் குளித்து வந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்தேன், சக்கரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அடிச்சட்டம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். பழைய வண்டியின் அடியில் எதற்காக ஒருவன் பெயின்ட் அடிப்பான்? வீட்டுச் சாவியால் சுரண்டினேன். துரு பொருபொருவென்று உதிர்ந்தது. உள்ளே ஒட்டுப்போட்ட தழும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

"நீ சும்மா இரு. இது ஃபேக்டரி இல்ல," என்றீர்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் செய்துகொண்டிருந்த பெரிய பரிசோதனை என்ன தெரியுமா? நம்பர் பிளேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். விரல் மடக்கிக் கூட்டினீர்கள், தப்பாகிவிடக்கூடாதென்று மறுபடி கூட்டினீர்கள். ஒன்பது. உங்கள் ராசிக்கு ஒன்பது. எட்டு வந்திருந்தால் நாம் பிழைத்திருப்போம். நீங்கள் தொட்டிருக்கமாட்டீர்கள், யாராவது ஒரு சீனர் தங்கள் அதிர்ஷ்ட எண் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஒன்பது வந்து நம் குடியைக் கெடுத்தது.

கடைசியாக அவன் அந்தச் சின்ன லீவரைக் காட்டினான். பெரிய கியருக்குப் பக்கத்தில், சிவப்புக் குமிழ் வைத்தது. ஃபோர் வீல் போடுகிற லீவர். ஒரே விரலால் இழுத்தான், விழுந்தது. "வெண்ண மாதிரி இருக்கு பாஸ்," என்றான். நீங்கள் இழுத்தீர்கள். முன்னே, பின்னே, முன்னே, பின்னே. பொம்மை கிடைத்த பிள்ளை தோற்றது. பிறகு பட்டறைக்கு முன்னால் தார் ரோட்டில் இரண்டு சுற்று ஓட்டினீர்கள். தார் ரோட்டில் எந்த வண்டிதான் ஓடாது? மணலோ சேறோ தேடிப்போய் அதில் லீவரை இழுத்துப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. கீழே படுத்துப் பார்க்க என் சேலை இடம் கொடுக்கவில்லை. உங்களுக்கு வெள்ளைச் சட்டை.

மறுநாள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டீர்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். முன்சக்கரத்துக்கு வைத்த இரண்டும் தண்டம் என்று நமக்குத் தெரிய அடுத்த ஞாயிறு வரவேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு தவுக்கே நம்மைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மேலே குடிசைவரை வண்டி ஏறிக் காட்டினால் அந்த சீசன் முழுக்க வேலை நமக்கு. முந்தின இரவு மழை பெய்து செம்மண் பாதை சோப்புப் போட்டதுபோல் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டாத சாமியில்லை. நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "இப்பப் பாரு," என்று சொல்லி அந்த லீவரை இழுத்தீர்கள். பின்சக்கரம் சுற்றியது. சேற்றை வாரி இறைத்தது. முன்சக்கரங்கள் விருந்துக்கு வந்த மாப்பிள்ளைபோலச் சும்மா நின்றன. மறுபடி இழுத்தீர்கள், மறுபடி மிதித்தீர்கள். வண்டி பின்னுக்குச் சறுக்கி ஒரு மரத்தில் போய்ச் சாய்ந்தது.

தவுக்கே இறங்கி வந்தார். டயரை உதைக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஒருமுறை அடியில் எட்டிப் பார்த்தார், எழுந்தார், கையைத் துடைத்துக்கொண்டார். "டெப்பான் கோசோங் லா," என்றார். முன்னால் ஒன்றுமே இல்லை என்று பாசார் மலாயில் சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. நடுவிலிருக்கும் கியர்ப்பெட்டியிலிருந்து முன் அச்சுக்குப் போகவேண்டிய சுழல்தண்டையே பட்டறைக்காரன் கழற்றி எடுத்திருந்தான். முன் அச்சின் பற்சக்கரம் உடைந்து சத்தம் போட்டிருக்கும். தண்டைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடுமே. லீவர் ஏன் வெண்ணெய்போல விழுந்தது என்று அப்போது தெரிந்தது. அதன் மறுமுனையில் வேலை எதுவுமே இல்லை.

தவுக்கே கயிறுகட்டி நம்மை இழுத்து விட்டார். பாவம் பார்த்து இரண்டு பழமும் கொடுத்தார். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன். எந்தப் பக்கம் ஜன்னல் என்று யோசித்துவைத்திருந்தேனே, அதற்காக அழுதேன். ஆயர் ஈத்தாம் வந்ததும் நீங்கள் வாய்திறந்து, சீனனுக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் என்றீர்கள். நம் சந்துமுனையில் நிறுத்தி, வீட்டில் சொல்லாதே என்றீர்கள். அந்த நிமிடம் உங்களை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பட்டறைக்காரனிடம் கேட்கப் போனோமே, அது இன்னும் கேவலம். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "பாஸ், நீங்க லீவர் இருக்கான்னுதானே கேட்டீங்க. இருந்துச்சில்ல," என்றான். பிறகு காப்பி வாங்கிக் கொடுத்தான். நீங்கள் அதைக் குடித்தீர்கள். குடித்துவிட்டு நன்றியும் சொன்னீர்கள். காறித் துப்பவேண்டிய இடத்தில் காப்பி நன்றாக இருந்தது என்று சொன்ன ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வங்கிக்காரர் வாசலில் வந்து கூப்பிட்டார். போய், கீழே குனிந்து பாருங்கள் தம்பி, நடுவிலிருந்து முன்னால் ஒரு தண்டும் பின்னால் ஒரு தண்டும் போகவேண்டும், எண்ணிப் பாருங்கள் என்று சொன்னேன். தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "டயரெல்லாம் நல்லா இருக்குக்கா," என்றார். நல்லா இருக்கட்டும். நான் உள்ளே வந்துவிட்டேன்.

முன் அச்சைச் சரிசெய்ய நம்மிடம் வசதியில்லை. ஜீப் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது. ஆனால் உங்கள் வீம்பு குறையவில்லை. மழைக்காலத்தில் சுங்கை பினாங் ஆறு பெருகிச் சந்தில் கணுக்கால் தண்ணீர் வந்தால் போதும், ஏறி உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அந்த லீவரை இழுப்பீர்கள். ஃபோர் வீல் போட்டாச்சு என்பீர்கள். உங்கள் அம்மா பக்கத்துவீட்டாரிடம் பெருமையடிப்பார். நான் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்க எனக்கு எத்தனையோ தடவை நாக்கு துடித்தது. நீங்கள் லீவரை இழுத்துவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வையைப் பார்த்தபின் சொல்ல வாய் வராது.

ஒருநாள் சாயங்காலம் ஈப்போவிலிருந்து உங்கள் அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கினார். நம் மூலையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மழை. எனக்கு நிற்கக்கூட இடமில்லை. நீங்கள் குடையோடு வந்து, தகரக் குவளையில் காப்பியும் எடுத்துக்கொண்டு, ஜீப் கதவைத் திறந்து பிடித்தீர்கள். "வா, உள்ள உக்காரலாம்," என்றீர்கள். ஏறினேன். கதவைச் சாத்தினீர்கள். அந்த வண்டியில் ஒழுங்காக இருந்தது கதவுகள் மட்டும்தான். மேலே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் நான் கிசுகிசுப்பாக, ஏன் இப்படி ஏமாந்தீர்கள் என்று ஆரம்பித்தேன்.

"சத்தமாவே பேசு. இங்க யாருக்கும் கேக்காது."

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து தொண்டையில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. கத்தினேன். உன்னை ஒருவன் பாஸ் என்றதும் பல்லை இளித்தாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா, நீ ஒரு வடிகட்டின மடையன் என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் 'நீ' என்றிருக்கிறேன் என்று உறைத்தது. எங்கள் வீட்டில் என் அம்மா அப்பாவை அப்படிச் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் கூரை இறங்கியிருக்கும். நான் பயந்துபோய் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னொரு தரம் சொல்லு," என்றீர்கள்.

அதற்குப் பிறகு மழையோ வெயிலோ, வேலை முடிந்து வந்ததும் அங்கேதான். வீட்டுக்குள் நீங்கள், வாங்க, போங்க. ஜீப் கதவைச் சாத்தினால் நீ, வா, போ. திட்டியதுதான் அதிகம். ஆனால் அங்கேதான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதற்கு முன்பு பிடித்திருக்கவில்லை. பிறகு மகள் பிறந்தாள், ஒருவழியாக வாடகை வீடு கிடைத்தது, பழைய இரும்புக்காரன் வந்து ஜீப்பை இழுத்துக்கொண்டு போனான். அவனிடமும் அது ஃபோர் வீல் என்று சொன்னீர்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் எடை போட்டான்.

மகள் கோலாலம்பூரிலிருந்து வரும்போது இதைப் படிக்கக்கூடும் என்றுதான் நீங்கள், நீங்கள் என்று மரியாதையாக எழுதிக்கொண்டு வந்தேன். போதும். அறைக்கதவைச் சாத்திவிட்டேன். ஊரில் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள், அம்மா என்கிறார்கள், நானும் எல்லோரையும் வாங்க போங்க என்கிறேன். மகளை நீ என்பேன், அது வேறு நீ. இது உனக்கென்றே இருந்தது. நீ போனதிலிருந்து வாய்க்குள்ளேயே கிடக்கிறது, மடையா. இன்னொரு தரம் சொல்லு என்று கேட்க நீ இல்லை. கேட்காமலே சொல்கிறேன். நீ.