கல்லறைத் தோட்டத்தில் நீ ஒளித்துவைத்த டப்பா

என் உயிரான சேவியருக்கு,

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், உன் ஜி.பி.எஸ். கருவிக்குப் புது பேட்டரி போட்டேன். மஸ்கட்டிலிருந்து உன் சாமான்களோடு அது வந்ததிலிருந்து நான் தொட்டதே இல்லை. நாளை கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கிறது. உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போய்ப் பார்க்க இங்கே எனக்கு என்ன இருக்கிறது, அந்த டப்பாவை விட்டால்?

ஒரு லீவில் வந்தபோது, நம் பழைய கல்லறைத் தோட்டத்தில், ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கல்லறை விரிசலில் அதை ஒளித்தாய். என் தலையிலிருந்து கிளிப்பை உருவி உள்ளே போட்டாய். அந்த இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நாகல் நகர் பிரவுசிங் சென்டரில் இணையத்தில் ஏற்றினாய். முன்பின் தெரியாதவர்கள் தேடி வருவார்கள், ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வைத்துப் போவார்கள், அதுதான் விளையாட்டு என்றாய்.

"செத்தவுகளப் பாக்கவே வருசத்துக்கு ஒருநாத்தான் வாராக. டப்பாவத் தேடி எவன்டா வருவான்?"

"வருவான்க்கா. வந்தா அந்தப் பிள்ள பேரையும் வாசிப்பான்ல?"

பெங்களூரிலிருந்து யாரோ வந்து பொம்மை வைத்துவிட்டுப் போனதாகப் போனில் எப்படித் துள்ளினாய்!

இன்று நீ கருவியில் பதிந்துவைத்திருந்த அந்த எண்களைத் தேடிப் போனேன். வழிகாட்டும் அம்பு சரியாக அந்தக் கல்லறை முன் கொண்டுபோய் நிறுத்தியது. விரிசலில் சிமெண்ட் பூசியிருந்தது. காவல்காரர் சூசை அண்ணனிடம் கேட்டேன்.

"அத ஏந்தாயி கேக்குற! எவனோ செய்வினை வச்சிருக்கான். டப்பாக்குள்ள பொம்மை, சோழி, பொம்பளப்பிள்ள கிளிப்பு. எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் பாக்கி. மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திப்புட்டேன். சிலுவை போட்டுட்டுத்தான் தொட்டேன். அன்னைக்குப் பூராம் பச்சத்தண்ணி குடிக்கல."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்றார்.

"நல்லதுண்ணே" என்றேன். நம் எல்லோருக்காகவும் பயந்து, பட்டினி கிடந்து செய்திருக்கிறார். அவரிடம் வேறென்ன சொல்ல?

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டாள்.

"தம்பி வச்சது இருக்காடி?"

"இருக்கும்மா."

"அதாச்சும் இந்த மண்ணுல கெடக்கட்டும்."

அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இனி இந்த ஊர் மண்ணில் உன் கை பட்டது எதுவுமே இல்லையாடா?

உன்னோடு வேலை பார்த்த பையன், உன்னை அடக்கம் செய்த இடத்தின் எண்களை அப்போதே எழுதி அனுப்பியிருந்தான். அவற்றைக் கருவியில் ஏற்ற இத்தனை நாள் கை வரவில்லை. ஏற்றினால் நீ இறந்தது உறுதியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. இன்று மத்தியானம் ஏற்றினேன். அம்பு வடமேற்கே திரும்பி நின்றது. தூரத்தை நான் பார்க்கவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடப் போகிறேன் சேவியர். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மதுரையைத் தாண்டாதவள் எப்படிப் போவாள் என்று நீயே சிரிப்பாய். சிரி. உன் பேர் எழுதிய கல்லில் கை வைக்காமல் எனக்கு இனி முடியாது.

நான் வாரேன்டா.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
ரெஜினா அக்கா